பட்டம் கட்ட வந்த பிக்கப் வண்டி

தேவகி கண்ணு, நீ நல்லா இருக்கேன்னு உன் குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. அதனால நலம் விசாரிச்சு மையை வீணாக்காம நேரா வண்டிக்கு வரேன். ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணி, "மாமா, கோவளம் தாண்டினதும் வண்டி இருமுது, குலுக்கிக் குலுக்கி இழுக்குது, ரெண்டு எடத்துல நின்னே போச்சு"ன்னு சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. கவலையில இல்லை, சந்தோஷத்துல. நம்ம அச்சரப்பாக்கம் வூட்டுல என் கையைப் பிடிச்சு வளர்ந்த பொண்ணு, இன்னிக்கு மாமல்லபுரத்துல அடுப்பு போட்டு சமைச்ச சோத்தை, சொந்தமா வாங்கின பழைய பிக்கப்புல ஏத்தி, தானே ஓட்டிக்கிட்டுப் போய் ஆபீஸ் ஆபீஸா இறக்குறா. இந்த ஜில்லாவுல வேற எந்தத் தாய்மாமனுக்கு இந்தக் கொடுப்பினை? "இரு, கிளம்பி வரேன்"னேன். "நீ வந்தா என்னை வண்டியைத் தொடவே வுட மாட்ட. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு எழுது, நானே பாத்துக்கறேன்"னு சொல்லிட்ட. அதான் எழுதறேன். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன். ஒன்பதாவதுல வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரலை, அதுல நஷ்டம் அவருக்குத்தான். எழுத்துப்பிழை இருந்தா நீ திருத்திப் படிச்சுக்கோ. என்ஜின் விஷயத்துல பிழை இருக்காது.

முதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்கோ. வண்டி இழுக்கலைன்னா உடனே ஸ்பேனரைக் கையில எடுக்கிறவன் மெக்கானிக் இல்லை. காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு, எப்ப இருமுது, எவ்வளவு தூரம் போனதும் இருமுதுன்னு பார்க்கிறவன்தான் மெக்கானிக். ஸ்டார்ட் பண்ணதுமே இருமினா அது ஒரு நோய். மேடு ஏறும்போது மட்டும் இருமினா அது வேற நோய். நல்லா ஓடிக்கிட்டிருந்து, கொஞ்ச தூரம் போன பிறகு தம் கட்டுற மாதிரி இழுத்தா, அது மூணாவது ஜாதி. புகையையும் பாரு. கறுப்பா வந்தா டீசல் எரியறதுக்குக் காத்து போதலை. வெள்ளையா வந்து மூக்குல ஏறினா டீசல் எரியாமலே வெளிய வருது. நீலமா வந்தா ஆயில் எரியுது, பர்ஸைத் தயாரா வெச்சுக்கோ. எனக்குப் புகையைப் பார்க்கக்கூட வேண்டாம். ஒரு தடவை வேடந்தாங்கலுக்கு ஒரு பெரிய ஆபீசர் ஜீப்புல பறவை பார்க்க வந்தார். நான் ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன். ஜீப்பு வந்த சத்தத்துல நாரையெல்லாம் மொத்தமா எழுந்து வானமே மறைஞ்சுபோச்சு. கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னேன், "ரெண்டாவது நாசில் போச்சு." கழட்டிப் பார்த்தா, என்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சுற நாலு நாசில்ல ரெண்டாவதுதான். அந்த ஆபீசர் என்னை டெல்லிக்கே கூப்பிட்டார். உங்க அத்தை இதை நம்பறதில்லை. அது ஆபீசரே இல்லை, பால் வண்டிக்காரன்னு சொல்லிக்கிட்டுத் திரியறா. அவ அப்ப அங்க இருந்தாளா, நீயே சொல்லு.

சரி, இதையெல்லாம் சொன்னா உனக்குப் பாடம் மாதிரி இருக்கும். நடந்ததைச் சொல்றேன். உன் கல்யாணத்தன்னிக்கு நான் ஏன் அவ்வளவு லேட்டா வந்தேன்னு ஊர்ல ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. டயர் வெடிச்சதுன்னு ஒருத்தன், மதுராந்தகத்துல உக்காந்து நாஸ்தா பண்ணிக்கிட்டு இருந்தேன்னு ஒருத்தன். இந்த வண்டி நோயைப் பத்தி எழுதணும்னா அந்தக் காலையைத்தான் எழுதணும்.

உன்னையும் எங்க அக்காவையும் முதல் நாள் சாயங்காலமே வேன்ல திருப்போரூர் மண்டபத்துக்கு அனுப்பிட்டேன். நானும் கூட வந்திருக்கலாம். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. ஆனா தாய்மாமன் முதல் நாளே வந்து மண்டபத்து ஓரமா பாய் விரிச்சுப் படுத்திருந்தா என்ன மரியாதை? அப்பா இல்லாத பொண்ணு நீ. உனக்கு வர்ற தாய்மாமன் சீர், அப்பன் வூட்டு சீர், ரெண்டும் ஒண்ணுதான். அது காலையில, சொந்த வண்டியில, வாழைமரம் கட்டி, மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கண்ணு முன்னால வந்து இறங்கணும். பீரோ, கட்டில், கிரைண்டர், பித்தளை அண்டா, தட்டுத் தட்டா பழம். இதையெல்லாம்விடப் பெரிய சரக்கு என் சட்டைப்பையில இருந்தது: உன் நெத்தியில நான் கட்ட வேண்டிய பட்டம். நம்ம பக்கத்துல தாய்மாமன் அந்தத் தங்கத் தகட்டை நெத்தியில கட்டாம பொண்ணு கழுத்துல தாலி ஏறாது. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு முடியுது. அதுக்குள்ள நான் அங்க இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு.

அதனால முதல் நாளே வண்டியைக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டினேன்னா சும்மா இல்லை, யானையைக் குளிப்பாட்டுற மாதிரி. சந்தனக்கட்டையை நானே கல்லுல உரசி, கிண்ணம் கிண்ணமா எடுத்து, பானட்டு, கண்ணாடி, ஸ்டியரிங்கு, நாலு சக்கரம், கதவுக் கைப்பிடின்னு ஒரு எடம் விடாம கெட்டியா அப்பி, நடுவுல குங்குமம் வெச்சேன். வண்டி மணப்பொண்ணை விட அழகா இருந்ததுன்னு சொன்னா நீ கோச்சுக்கக் கூடாது. விடியும்போது கிளம்பினோம். முன்னால நானும் உங்க அத்தையும். பின்னால பீரோவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நம்ம டிராக்டர் ஓட்டுற சம்பந்தம். வண்டி பன்னீர் தெளிச்ச மாதிரிப் போச்சு.

மதுராந்தகம் ஏரி ஓரம் வந்தப்ப முதல் இருமல். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஏறலை. குதிரை தலையை ஆட்டுற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டிட்டு, ஒரு மரத்தடியில நின்னுபோச்சு. சம்பந்தம் கீழே குதிச்சு வந்தான். "இன்னாண்ணாத்த, சீரைப் பாத்து வண்டிக்கே மயக்கம் வந்துருச்சா?" நான் பதட்டப்படலை. டீசல் இருக்கான்னு பார்க்க டேங்க் மூடியைத் தொறந்து குச்சி விட்டுப் பார்த்தேன், முக்கால் டேங்க் இருந்தது. அப்ப லைன்ல காத்து ஏறியிருக்கும்னு முடிவு பண்ணி, பில்டர் மேல இருக்கிற திருகை லூஸ் பண்ணி, கையால பம்ப்பை அடிச்சேன். இதைக் கவனமாப் படி, உனக்கு வேணும். நுரை நுரையா வந்தா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம். நுரை நின்னு சுத்தமான டீசல் வழிஞ்சதும் திருகை இறுக்கிடணும். எனக்குக் கொஞ்சம் நுரை வந்தது. இறுக்கி ஸ்டார்ட் பண்ணேன். வண்டி பூனை மாதிரி உறுமுச்சு. "பாத்தியாடா கையை?"ன்னேன். சம்பந்தம் கும்பிட்டான். உங்க அத்தை மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தா.

பாலாத்துப் பாலம் வர்றதுக்குள்ள மறுபடியும் அதே கதை. பக்கத்துல லாரி எல்லாம் விர்ருவிர்ருன்னு போகுது, நம்ம வண்டி மட்டும் வாழைமரத்தைத் தலையில வெச்சுக்கிட்டு ரோட்டோரம் நிக்குது. இப்ப நான் கொஞ்சம் யோசிச்சேன். காத்து இல்லைன்னா நாசில். எந்த நாசில்னு கண்டுபிடிக்கிற வித்தையைச் சொல்றேன், இது லட்ச ரூபாய் வித்தை. என்ஜின் மெதுவா ஓடும்போது ஒவ்வொரு நாசிலுக்கும் போற குழாயோட நட்டை ஒண்ணு ஒண்ணா லேசா லூஸ் பண்ணு. துணியைச் சுத்திக்கோ, முகத்தைத் தள்ளி வெச்சுக்கோ, டீசல் ஊசி மாதிரிப் பாயும். லூஸ் பண்ணதும் என்ஜின் சத்தம் மாறித் தடுமாறினா, அந்த நாசில் அதுவரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. லூஸ் பண்ணியும் சத்தம் மாறலைன்னா அவன்தான் சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறவன். வண்டியை எப்படியோ ஸ்டார்ட் பண்ணி வெச்சு நாலையும் பார்த்தேன். நாலும் மாறுது. நாலும் நல்லவன். அப்புறம் இன்னா கேடு? டேங்க்ல அழுக்கு கிளம்பி குழாய்க்குள்ள அடைச்சிருக்கும்னு நினைச்சு, மூடியைத் தொறந்து வெச்சு, குழாயைக் கழட்டி வாயால ஊதினேன். வாயெல்லாம் டீசல். மாட்டி, காத்தை எடுத்து, ஸ்டார்ட் பண்ணேன். மறுபடியும் பூனை. "அழுக்குதான், ஊதித் தள்ளிட்டேன்"னு சொன்னேன். ஆனா உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, இந்தத் தடவை எனக்கே முழு நம்பிக்கை இல்லை. சம்பந்தமும் கும்பிடலை.

செங்கல்பட்டைத் தாண்டி திருப்போரூர் ரோட்டுல திரும்பினதும் கொஞ்ச தூரம் நல்லாத்தான் போச்சு. ரெண்டு பக்கமும் முள்ளுக்காடு, ஒரு வூடு வாசல் இல்லை. அங்க மூணாவது தடவை நின்னுபோச்சு. அப்ப நம்மகிட்ட செல்போன் கிடையாது. மண்டபத்துல யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. நான் பானட்டைத் தூக்கிட்டு என்ஜினைப் பார்க்கறேன், என்ஜின் என்னைப் பார்க்குது. தூரத்துல திருப்போரூர் பஸ்ஸு வந்துகினு இருந்தது. உங்க அத்தை இறங்கி வந்து, "இந்தா, நீ பஸ்ஸுல ஏறு. பட்டம் உன் பையில கீது. நானும் சம்பந்தமும் சீரைப் பாத்துக்கறோம்"ன்னா.

"தாய்மாமன் வெறுங்கையோட பஸ்ஸுல வந்து இறங்கறதா? வாழைமரத்தை யார் கட்டினது?"

"வாழைமரத்துக்கா கல்யாணம்? அங்க பொண்ணு உக்காந்துகினு வாசலைப் பாத்துகினு இருக்கும்."

பஸ்ஸு பக்கத்துல வந்து நின்னுருச்சு. கண்டக்டர் விசில் வாயில வெச்சுக்கிட்டு, "ஏறுறியாய்யா இல்லையா, பேஜாரு பண்ணாத"ங்கறான். நான் ஒரு காலைப் படியில வெச்சுட்டேன். உனக்காக வெச்சேன் கண்ணு, எனக்கு அது எவ்வளவு பெரிய அடின்னு என் மனசுக்குத்தான் தெரியும். அப்பதான் உங்க அத்தை பின்னாலிருந்து, தனக்குத்தானே பேசுற மாதிரி முணுமுணுத்தா. "இன்னா மெக்கானிக்கோ. எதை எதையோ கழட்றாரு, மாட்றாரு. அந்த டேங்க் மூடியைத் தொறந்த பொறவுதான் ரெண்டு தபாவும் வண்டி கிளம்புச்சு."

காலைப் படியிலிருந்து எடுத்துட்டேன். மின்னல் வெட்டின மாதிரி இருந்தது. இதே விஷயம் அதுக்கு முன்னாலயே என் மூளைக்குள்ள பாதி வந்துட்டிருந்தது, அத்தை அதை வாயால சொன்னா, அவ்வளவுதான். அவதான் கண்டுபிடிச்சான்னு அவ சொல்லிக்கிறா, சொல்லிக்கட்டும். ஓடிப்போய் டேங்க் மூடியில கையை வெச்சு மெதுவா, ரொம்ப மெதுவாத் திருகினேன். உஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். சோடா பாட்டில் தொறக்கிற மாதிரி இல்லை, அதுக்கு நேர் எதிர். உள்ள இருந்து வெளிய வராம, வெளிய இருக்கிற காத்து உள்ள பாயுது. டேங்க் மூச்சுக்கு ஏங்கிக்கிட்டு இருந்திருக்கு. மூடியைக் கையில எடுத்துப் பார்த்தேன். நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், கடுகு போற அளவுக்கு. டீசல் குறையக் குறைய அந்த ஓட்டை வழியாத்தான் காத்து உள்ள போகும். அது இல்லைன்னா உள்ள இருக்கிற டீசலை டேங்கே இறுக்கிப் பிடிச்சுக்கும், பம்ப்பு எவ்வளவு உறிஞ்சினாலும் விடாது. அந்த ஓட்டை மேல என் சந்தனம். காய்ஞ்சு, சிமெண்டு மாதிரி இறுகி, நடுவுல அழகா ஒரு குங்குமப் பொட்டு. நான் மூடியைத் தொறக்கும்போதெல்லாம் காத்து உள்ள போயிருக்கு, வண்டி ஓடியிருக்கு. அந்தப் பேரையெல்லாம் நான் பில்டருக்கும் குழாய்க்கும் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

"ஊக்கு குடு"ன்னேன். உங்க அத்தை பட்டுப்புடவை முந்தானையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டிக் கொடுத்தா. ஓட்டையைக் குத்தி, மூடியை வாயில வெச்சு ஊதினேன். காத்து போச்சு. கண்டக்டர் எட்டிப் பார்த்துட்டு, "யோவ், ஊக்குல வண்டி ரிப்பேரா"ன்னு சிரிச்சான். பஸ்ஸு போயிடுச்சு. கையால பம்ப்பை அடிச்சு ஸ்டார்ட் பண்ணேன். அப்புறம் அந்த பஸ்ஸை முந்தினது யாருன்னு நினைக்கிற? ஒரே மிதி. கண்டக்டருக்கு நான் கை காட்டினேன். பின்னால சம்பந்தம் பீரோவோட சேர்ந்து பறந்துகினு வந்தான். வாழைமரத்துல ஒரு இலைகூட மிச்சமில்லை.

உன் வண்டிக்கும் இதேதான்னு நான் சொல்ல வரலை. உன்னுது கடல் காத்துல நிக்கிற வண்டி, குழாயில துரு பிடிச்சிருக்கலாம், பில்டர்ல தண்ணி நின்னிருக்கலாம், என்ஜினைத் தாங்கற ரப்பர் பிஞ்சிருக்கலாம். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் தொடு. அதைத் தொட்ட பிறகு வண்டியை நல்லா தூரம் ஓட்டிப் பாரு. அப்புறம்தான் அடுத்தது. நான் அன்னிக்கு ஒரே நேரத்துல ரெண்டு மூணு வேலை பார்த்தேன், எது குணப்படுத்துச்சுன்னு எனக்கே தெரியாமப்போச்சு. இதை வூட்டுக்கும் வெச்சுக்கோ. உன் வூட்டுக்காரர் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தார்னா, உடனே அவங்க அம்மாவையும், அவர் ஆபீஸையும், உன் சமையலையும் ஒண்ணாக் கழட்டிப் போடாத. கொஞ்ச நேரம் சும்மா விடு. சில சமயம் நாம ஆசையா அப்பினதே அதிகமாப் போயிருக்கும். எங்க வூட்ல முப்பது வருஷமா நான் பேசறேன், உங்க அத்தை கேக்கறா. அவ என்னிக்காவது முணுமுணுத்தா மட்டும் நான் பஸ் படியிலிருந்து காலை எடுத்துடுவேன். நீயும் அவர் முணுமுணுப்பைக் கேளு, அவரும் உன்னோடதைக் கேக்கட்டும். சமமா இருக்கட்டும்.

மண்டபத்து வாசல்ல நாங்க வந்து நின்னப்ப மேளக்காரங்க சோர்ந்துபோய் வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. எங்க அக்கா ஓடி வந்து என் கையைப் பிடிச்சு உள்ள இழுத்தா. உள்ள நடந்ததை அப்புறம்தான் அவ சொன்னா. உன் மாமனார் நல்ல மனுஷன்தான், ஆனா நேரம் போகுதேன்னு அவருக்குக் கவலை. திருப்போரூர்லயே இருக்கிற ஒரு தூரத்துச் சொந்தத்தைக் கூட்டிக்கிட்டு வந்து, "இவரும் பொண்ணுக்கு மாமன் முறைதான், கடையில வேற பட்டம் வாங்கிக் கட்டிடலாம்"னு சொல்லியிருக்கார். அய்யரும் சரின்னுட்டார். நீ மணவறை பக்கத்துல நின்னுக்கிட்டு, தலையைக்கூட நிமிர்த்தாம, "என் நெத்தி காலியாவே இருக்கட்டும். எங்க மாமா வழியில வண்டியைப் பிரிச்சுப் போட்டுகினு இருப்பாரு. மாட்டினதும் வந்துருவாரு"ன்னு சொன்னியாம். மாப்பிள்ளை உடனே, "வரட்டும், நான் எங்கயும் போகலை"ன்னு பலகையில நல்லா சம்மணம் போட்டு உக்காந்துட்டாராம். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு என் வண்டியையே எழுதிக் கொடுக்கலாம்.

நான் அப்படியே மணவறைக்கு ஓடினேன். பட்டு வேட்டி முட்டி வரைக்கும் கிரீஸ். கை ரெண்டும் கறுப்பு. அய்யர், "கை கழுவிட்டு வாங்கோ"ன்னார். "நேரம் இருக்கா சாமி?"ன்னேன். மணியைப் பார்த்துட்டு, "கட்டுங்கோ"ன்னுட்டார். பையிலிருந்து பட்டத்தை எடுத்து உன் நெத்தியில வெச்சேன். பின்னால முடிச்சுப் போட நான் குனிஞ்சப்ப, டீசல் நாத்தம் அந்த மல்லிப்பூ வாசனையையெல்லாம் அமுக்கிருச்சு. இன்னொரு பொண்ணா இருந்தா மூக்கைச் சுளிச்சிருக்கும். நீ தலையைக் குனிஞ்சபடியே, உதடு அசையாம, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி கேட்டே:

"இன்னா மாமா, நாசிலா?"

நான் வாயைத் தொறக்கறேன், அதுக்குள்ள அய்யர் கை தூக்கிட்டார். கெட்டிமேளம். அந்தச் சத்தத்துல என்னத்தைச் சொல்ல? கையை உன் மூக்குக்கு நேரா நீட்டி, ஆள்காட்டி விரல் நகத்துக்குள்ள ஒட்டியிருந்த சந்தனத்தைக் காட்டினேன். அப்புறம் காத்துல ஒரு மூடியைத் திருகித் தொறந்து காட்டினேன். நீ ஒரு நொடி பார்த்தே. அப்புறம் தோளெல்லாம் குலுங்கச் சிரிச்சே பாரு, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட முடியாம கையில தாலியோட காத்துக்கிட்டு இருந்தார்.